டவுனில் ஒரே ஓட்டு

கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று நாலு நிறத்தில் சீட்டு கொடுப்பார்கள். யாரையும் மறுத்துப் பேச வாய் வராத எனக்கு அது வசதி. சொந்தக்காரருக்கு ஒன்று, கேட்டவருக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டுவிட்டு வருவேன்.

கள்ளக்குறிச்சிக்கு வந்து அரிசி மண்டியில் மூட்டை தூக்கும்போது நகராட்சித் தேர்தல் வந்தது. எதிர்வீட்டு இட்லிக்கடை அக்கா எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றார். தெருவுக்குச் சாக்கடைக் கால்வாய் இல்லை. மழை பெய்தால் கழிவுநீர் வீடுகளுக்குள் வரும். அதற்காகவே நின்றார்.

"தம்பி, ஓட்டு எனக்குத்தானே?"

"உனக்குத்தான்க்கா."

மண்டி முதலாளியும் கேட்டார். "என் மச்சான்தான் சேர்மன் ஆவப்போறான். பாத்துப் போடு."

சரிங்க என்றேன். கவுன்சிலர் ஓட்டு அக்காவுக்கு, சேர்மன் ஓட்டு அவர் மச்சானுக்கு. கணக்கு சரியாக இருந்தது.

ஓட்டுப் போடும் நாளில் மிஷினில் அக்கா சின்னமும் மச்சான் சின்னமும் இருந்தன. பெரிய பதவி முதலில் என்று மச்சானுக்கு அழுத்தினேன். அப்புறம் அக்காவுக்கு அழுத்தினேன். விளக்கு எரியவில்லை.

"இன்னாங்க, அங்கியே நின்னுக்கினு?" என்றார் தேர்தல் அலுவலர்.

"சேர்மனுக்குப் போட்டுட்டேங்க. கவுன்சிலருக்குப் போடணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஜெயிச்ச கவுன்சிலருங்க கூடித்தான் சேர்மனைத் தேர்ந்தெடுப்பாங்க. உனக்கு ஒரே ஓட்டுதான், போட்டாச்சு. கிளம்புய்யா."

அக்கா கொஞ்ச ஓட்டில் தோற்றார். மச்சான் கவுன்சிலரானார்; சேர்மன் ஆகவில்லை.

"நம்ம தெருவுலயே பாதி பேரு ஏமாத்திட்டானுங்க. நீ போட்டியே, அது போதும்" என்று அக்கா இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். அதைத் தின்றேன்.

பிறகு கால்வாய் கேட்க என்னையும் நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் கவுன்சிலரான அந்த மச்சான் நின்றிருந்தார்.

"இன்னாக்கா, ஓட்டு உனக்கு, வேலை மட்டும் நான் செய்யணுமா? உங்க தெருவுல ஒரே ஒருத்தன் 'உனக்குப் போட்டேன்'னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். நாளைக்கே ஆளை அனுப்பறேன்."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் நான் சொல்லியிருக்கலாம். பள்ளம் தோண்ட ஆள் வந்திருக்கலாம். அக்கா பக்கத்தில் நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"இவன் என் ஆளு. இவன் எப்பிடிச் சொல்லுவான்?" என்று அக்கா என் தோளைத் தட்டினார். "வா தம்பி, கமிஷனரையே பாப்போம்."

அவர் மாடிப்படி ஏறினார். நான் பின்னால் போனேன்.