பேனல் ரூமுக்குத் தண்ணீர் கேட்டவர்

கோகிலாமணி மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மின்சாரப் பேனல் ரூமில் பழுதான ஒரு பிரேக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய கணவர்தான் பேசினார். "முடிஞ்சு போச்சுங்ண்ணா" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் ஹாலில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இனி நான் யாரிடம் போய் நிற்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகே வந்தது. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மங்கலம் ரோட்டில் உள்ள எங்கள் பனியன் கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி, நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். அவர் தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேடம் ஒருநாள் பேனல் ரூமுக்குள் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். கம்பெனி முழுக்கக் கூரையில் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கிறீர்கள், இந்த அறையை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கரண்டு ரூம்ல தண்ணியா மேடம்? ஆளக் கொல்லதுக்கா வந்திருக்கீய?" என்றேன். அவர் முகம் கோணவே இல்லை. "ஏனுங்ண்ணா, இங்க தீப்பிடிச்சா ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து என்னத்தைங்க ஊத்துவாங்க? பாலுங்களா?" என்றார். என்னோடு நின்ற எலக்ட்ரீஷியன்கள் சிரித்துவிட்டார்கள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

பிறகு உட்கார்ந்து பேசினோம். சினிமாவில் வருவதுபோல எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் மழை பொழியாது என்பதை அவர் எனக்கு விளக்கினார். ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் கீழே தீ மூண்டு சூடு ஏறினால் அந்தக் குமிழ் மட்டும் உடையும், அங்கே மட்டும் தண்ணீர் விழும். அந்தச் சூடு வரும்போது பேனல் எப்படியும் வெந்து போயிருக்கும். தண்ணீர் பேனலைக் காப்பாற்ற வருவதில்லை, பக்கத்து ஹாலில் இருப்பவர்களைக் காப்பாற்ற வருகிறது. எங்கள் தையல் ஹாலின் அவசர வழி பேனல் ரூம் கதவை ஒட்டித்தான் போகிறது. அதை அவர் சொன்னதும் அந்த அறைக்கும் ஸ்பிரிங்க்ளர் போட ஒத்துக்கொண்டேன். பேனல்களுக்கு நேர் மேலே குழாய் போகாமல் ஒதுக்கினோம். மேலே தகர மறைப்பு போட்டோம், கேபிள் இறங்கும் ஓட்டைகளை அடைத்தோம். முதலாளியும் அப்போது மறுக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் பேனல்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பக்தி முற்றிப்போய், ஏணி போட்டு ஏறி, ஸ்பிரிங்க்ளர் குமிழ்களுக்கும் அப்பிவிட்டார்கள். மேடம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். சந்தனம் காய்ந்து இறுகினால் குமிழுக்குச் சூடு தெரிய நேரமாகும், சமயத்தில் உடையாமலே போகலாம். எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடச் சொன்னார். சாமிக்கு வைத்த பொட்டை எடுப்பதா என்று ஆட்கள் முறைத்துக்கொண்டார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி, குழாய்க்குத் தாமே பொட்டு வைத்தார். "சாமிக்கு நெத்தியில வெய்ங்க கண்ணு. கண்ணுல வெச்சா அது எப்படிப் பாக்கும்?" என்றார். அதன் பிறகு எந்த ஆயுத பூஜையிலும் குமிழ் பக்கம் யார் கையும் போகவில்லை.

போன வருஷம் மதியச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கிய நேரத்தில் பேனல் ரூமில் கெபாசிட்டர் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. நான் ஓடிப்போய் மெயினை நிறுத்துவதற்கும் மேலே குமிழ் உடைந்து தண்ணீர் விழுவதற்கும் சரியாக இருந்தது. ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர்தான் திறந்தது. மேடம் ஹால் வாசலில் நின்று பெண்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி பையை எடுக்கத் திரும்பி ஓடினாள், அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அந்தப் பேனல் ரூம் கதவைக் கடந்துதான் போனார்கள், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதற்காக அவருக்கு மாலை போட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. மறுநாள் முதலாளியும் மேனேஜரும் வந்து பார்த்தபோது ஒரு கெபாசிட்டர் பெட்டியும் அதன் பின்னால் சுவரும்தான் கருகியிருந்தன. ஆனால் தரையெல்லாம் தண்ணீர். யாரோ சாத்தாமல் விட்ட பேனல் கதவு வழியாகப் பக்கத்துப் பேனலுக்குள்ளும் போயிருந்தது. அதைக் காயவைத்துச் சோதித்து ஓட்டுவதற்குள் தையல் நின்று, அனுப்ப வேண்டிய ஷிப்மெண்ட் தவறிவிட்டது. தீயால் கெட்டதைவிடத் தண்ணீரால் கெட்டதுதான் அதிகம் என்று மேனேஜர் சொன்னார். முதலாளியும் தலையாட்டினார். "தீ அங்கயே நின்னதாலதானுங்க தண்ணி பெருசாத் தெரியுது" என்றார் மேடம். யார் காதிலும் ஏறவில்லை. அன்று சாயங்காலமே பேனல் ரூமுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள், சாவியை மேனேஜர் வைத்துக்கொண்டார். எங்களிடம் துணி வாங்கும் பையரின் ஆடிட்டர் பாதுகாப்பைச் சோதிக்க வரும் நாளில் மட்டும் பூட்டு கழலும். அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பப் பூட்டிவிடுவார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதலாளியின் கார் வந்து நிற்கும் இடத்தில் மேடம் நிற்பார். வணக்கம் சொல்லிவிட்டு, வால்வைத் திறந்துவிடலாமா என்று கேட்பார். முதலாளி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாளும் அதேதான். வெளியே புகார் கொடுத்தால் என்ன என்று நான் ஒருமுறை கொதித்தேன். கம்பெனியை மூடினால் இந்தப் பெண்கள் வேறு கம்பெனிக்குத்தான் போவார்கள், அங்கே குழாயே இருக்காது என்றார் மேடம். அவர் கணக்கு சரியா தவறா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு வயிற்றுவலி என்று போனவருக்குப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எனக்குப் போன் செய்வார். நான் உடம்பைப் பற்றிக் கேட்டால் அதை ஒதுக்கிவிட்டு, "தொறந்துட்டாங்களாங்ண்ணா?" என்பார். இல்லை மேடம் என்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இல்லையைச் சொல்ல என் நெஞ்சு வெந்தது. ஒருநாள் நான் பதில் சொல்லத் தயங்கியதும் அவர் புரிந்துகொண்டார். "எனக்கு ஆறுதலா இருக்கோணும்னு பொய் சொல்லீராதீங்ண்ணா. தொறந்தாச்சுன்னு சொன்னீங்கன்னா நான் கேக்கறத நிறுத்தீருவேன்" என்றார். அதனால் கடைசிவரை உண்மையையே சொன்னேன். வால்வு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தேதான் அவர் போனார். இந்த உலகத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டென்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உடலை எடுக்கிற அன்று முதலாளி வந்திருந்தார். உண்மையாகவே அழுதார், அதை நான் குறை சொல்லமாட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, மேடத்தின் படத்தைப் பெரிதாகச் செய்து கம்பெனி வாசலில் மாட்டிவிடலாம் என்றார். படம் வேண்டாம், வால்வைத் திறந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் அழுகைச் சத்தம். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதலாளி, இதை நீங்களும் படிப்பீர்கள். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அந்த வால்வு மூடித்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேனலில் சூடு ஏறும் கேபிளைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன், திருகாணிகளை முறுக்குகிறேன், தூசி தட்டுகிறேன். என்னால் ஆவது அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருக்கிறது, தூக்கம் போய்விட்டது.

இன்று காலை நீங்கள் காரைவிட்டு இறங்கியபோது மேடம் நிற்கும் இடத்தில் நான் நின்றேன். திறந்துவிடலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றீர்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேட்பது ஒன்றுதான். நாளையும் கேட்பேன். ஆனால் அவருக்கு இருந்த நெஞ்சுரம் எனக்கு இல்லை, தனியாக எத்தனை நாள் நிற்பேன் என்று தெரியவில்லை. அவரைத் தெரிந்தவர்களே, படத்துக்குப் பூ வாங்கி வர வேண்டாம். நாளைக் காலை கார் வரும் நேரத்துக்கு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், கேட்பதை நான் கேட்டுக்கொள்கிறேன்.