தாலிக்குக் கீழே இருந்த அட்டை

நான் வேலை பார்த்த விழுப்புரம் அருங்காட்சியகத்துக்கு ஒரு திருநங்கை வந்தார். நரைத்த கொண்டை. கண்ணாடியில் விரல் வைத்து ஒவ்வோர் அட்டையையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். அறுத்த தாலியின் முன் நின்றுவிட்டார். ‘கிராமப் பெண்களின் அணிகலன்’ என்றது அதன் அட்டை. அதிகாரி சொன்னபடி, பொய்யென்று தெரிந்தே எழுதியவள் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள்.

“கூத்தாண்டவருக்கு நாங்க கட்டிக்கினு அறுத்த தாலி சார் இது. எங்க பேரு எங்க?” என்று அங்கே நின்ற அதிகாரியிடம் கேட்டார்.

“பள்ளிக்கூடப் பசங்க வர்ற இடம்மா,” என்றார் அதிகாரி.

“அப்போ தாலிய மட்டும் ஏன் சார் வச்சிக்கினு இருக்கீங்க?”

பிறகு அந்தத் திருநங்கை என் பக்கம் திரும்பினார். “நீ படிச்ச பொண்ணுதானேம்மா?”

அன்றே ‘திருநங்கைகளின் தாலி’ என்று எழுதி வைத்தேன். அதிகாரி கிழித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தார். அந்தத் திருநங்கை திரும்ப வந்து விரல் வைக்கும் நாளில் எந்த அட்டை இருக்கும்?