கழுத்தில் மாட்டிய பெயர்

லாரியிலும் ஓட்டலிலும் வேலை பார்த்த ஊர்களில் என்னை ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கும் பயந்ததில்லை. காஞ்சிபுரத்தில், ஐந்து வயதில், என் சொந்தப் பெயருக்குத்தான் பயந்தேன்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் பெயர் வைத்த கொஞ்ச நாளில் செத்துப்போயின. அதனால் அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் மதிக்கமாட்டான் என்பது நம்பிக்கை. தெரு முழுக்க நான் தவிடன். ஏகாம்பரம் என்று சாமி பெயரும் ஒன்று உண்டு; அதை வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நெசவுத் தெருக்கோடியில் பால்வாடி வந்தபோது அப்பா அந்தப் பெயரைக் கொடுத்து என்னைச் சேர்த்துவிட்டார். அம்மா சண்டைக்குப் போனாள்.

"தவிடன்னு எழுதினா வாசல்ல மாடு வந்து நிக்கும்டி," என்றார் அப்பா, தறியை விட்டு எழாமலே.

அம்மா என்னைத் தனியே இழுத்துப் போனாள். "அந்தப் பேரைச் சொல்லி யார் கூப்டாலும் கொரல் குடுக்காத. குடுத்தா எமன் ஆளைக் கண்டுக்குவான். வந்து இட்டுக்கினு பூடுவான்."

டீச்சரோ தினமும் பெயர் சொல்லித்தான் வணக்கப் பாட்டுப் பாடுவார். பெயர் எழுதிய அட்டைகளைப் பாயில் பரப்பிவிட்டு, "வணக்கம் வணக்கம் ஏகாம்பரம், வந்தாச்சா நீ, எங்கே காட்டு?" என்பார். கூப்பிட்ட பிள்ளை "வந்தாச்சு" என்று கத்தி, தன் அட்டையைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். என் முறை வந்தால் குனிந்துகொள்வேன். கடைசியில் என் அட்டை மட்டும் பாயில் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே அந்த எழுத்துகள் எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் பக்கத்தில் உட்காரும் செல்விக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா, உம்பேரு உனுக்கே தெரியாதா? உடு, நான் எடுத்துக்கிறேன்," என்று எழுந்தாள். "வந்தாச்சு!" என்று கத்தி, என் அட்டையை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரை திரிந்தாள். டீச்சரும் சிரித்தார்.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே முனகல் கேட்டது. சின்னம்மைதான், சில நாளில் குணமானதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அன்று அதை யார் எனக்குச் சொல்வது? என்னைத் தேடி வந்த எமன் அட்டையைப் பார்த்து அவளைப் பிடித்துக்கொண்டான் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் பாட்டில் என் பெயர் வந்ததும் எழுந்தேன். என் அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். "வந்தாச்சு! நான்தான் ஏகாம்பரம்! அவ இல்ல!" என்று கத்தினேன். டீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எமன் மறுபடி தவறிவிடக்கூடாதென்று அட்டையைக் கழற்றாமலே வீட்டுக்கு ஓடி, வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

"இன்னாடா இது கயுத்துல?" என்று அம்மா வந்தாள்.

அழுதுகொண்டே சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அட்டையை என் கழுத்திலிருந்து கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நான் இருந்த படியில் உட்கார்ந்தாள்.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். எமன் பிள்ளைகளை மட்டும்தான் பிடிப்பான் என்று நம்பியிருந்ததால், எழுத்துத் தெரியாத அம்மாவுக்கும் பால்வாடி விளையாட்டு ஆசை வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.