இரண்டு டம்ளர் பிர்ச் ரசம்

இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் விஷம் குடித்தேன். இரண்டு டம்ளர். கொத்தமல்லி தூவி, சுடச்சுட.

குடிக்கும்போது விஷம் என்று தெரியாது. 'பிரமாதம்' என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டெரக். ஆக்லாந்தின் மங்கரே பகுதியில் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்னால் ஒரு பிர்ச் மரம் நின்றது. வெள்ளைப் பட்டை, மெல்லிய உடம்பு... சலவை வேட்டி கட்டிய ஒல்லி மனிதர் மாதிரி. அந்த வீட்டை வாங்கிய வருடம் டெரக் தன் கையால் நட்டது. வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிட்டதால் மே மாதம், இந்த ஊரில் குளிர் தொடங்குமுன், வெட்ட வேண்டியதாயிற்று.

வெட்டுவதற்கு முன் கை நிறையக் காய்களைப் பறித்துக்கொண்டு வேலி ஓரம் வந்து நின்றார். இதிலிருந்து ஒரே ஒரு கன்று கிடைத்தால் போதும், குழாய் இல்லாத பின்பக்கத்தில் நட்டுக்கொள்வேன் என்றார். ஆனால் விதை முளைக்க வைக்கும் ராசி தனக்கு இல்லையாம்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னிடம் கொடுங்கள், டெரக். நான் தஞ்சாவூர்க்காரன். விவசாயம் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது."

என் அப்பா வங்கி குமாஸ்தா. எங்கள் வீட்டில் விளைந்தது வட்டி ஒன்றுதான்.

பாவம், டெரக் நம்பிவிட்டார். வழிமுறையும் சொன்னார். பிர்ச் விதைக்குக் குளிரில் ஒரு நல்ல தூக்கம் வேண்டும். ஆக்லாந்துக் குளிர் போதுமோ போதாதோ, ஃப்ரிட்ஜில் வை. குளிர்காலம் முடிகிறபோது ஈர மண்ணின் மேல் சும்மா தூவு. மண் போட்டு மூடிவிடாதே, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

அந்தக் காய் எப்படி இருக்கும் தெரியுமா? சுண்டுவிரலில் பாதி நீளம். பழுப்பு நிறம். உருளை வடிவம். மேலெல்லாம் சொரசொரப்பு. தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த எவருக்கும் அதைப் பார்த்தவுடன் ஒரு பெயர்தான் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. நான் சமையலறையில் வளரவில்லை — அதன் வாசலில், தட்டோடு வளர்ந்தவன்.

காய்களை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். லேபிள்? ஒட்டவில்லை. விரி என்கிற பேட்டையில் ஒரு கிடங்கில் எனக்கு உத்தியோகமே, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று லேபிள் ஒட்ட வைப்பதுதான். ஆனால் வீடு வேறு அல்லவா? ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் இட்லி மாவு சிரிக்கும் வீடு எங்களுடையது.

குளிர்காலம் வந்தது. எனக்கும் என் மனைவி மாலாவுக்கும் ஜலதோஷம் வந்தது. விஷயம் தெரிந்து சிவகாமி அக்காவும் வந்தார். மவுண்ட் ரோஸ்கில்லில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா.

"ரெண்டு பேருக்கும் தடிமன் எண்டு கேள்விப்பட்டன். போய்ப் படுங்கோ. நான் ஒரு ரசம் வச்சிட்டுப் போறன்."

படுத்தோம். எழுந்தபோது அக்கா போயிருந்தார், அடுப்பில் ரசம் இருந்தது. குடித்தோம். அப்புறம் நான் வழக்கம்போல டெரக்கின் விதைகளைக் குசலம் விசாரிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டிலைக் காணவில்லை. சுத்தமாகக் கழுவப்பட்டு ஸிங்க் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"மாலா, இதுல இருந்தது எங்க?"

"திப்பிலிதானே? ரசத்துல போட்டுட்டேன்னு அக்கா போன்ல சொன்னாங்க. நீங்க எப்பங்க திப்பிலி வாங்கினீங்க? சமயத்துக்கு உதவுச்சு."

அந்தக் கணத்தில் என் நாக்கு தடித்தது. காது அடைத்தது. இடது கால் மரத்துப்போனது. பழங்காலத்தில் இந்த மரத்தின் பட்டையில் சுவடி எழுதினார்கள் என்று படித்திருக்கிறேன். ரசம் வைத்துக் குடித்தவர் பிழைத்தார் என்று எங்கும் படித்ததில்லை!

"மாலா... இடது கால்ல உணர்ச்சியே இல்ல."

"ஒரு மணி நேரமா சம்மணம் போட்டு சோஃபால உக்காந்திருந்தீங்க. கொஞ்சம் உதறுங்க, சரியாயிடும்."

"நாக்கு...?"

"ரசம் சூடு. ஏங்க, நானும்தானே குடிச்சேன்?"

"நீ ஒரு டம்ளர். நான் ரெண்டு!"

"அப்ப சீக்கிரம் போய் டெரக்கைக் கேளுங்க. மரம் அவரோடதுதானே?"

போனேன். எப்படிக் கேட்பது? உங்கள் விதையை ரசம் வைத்துவிட்டோம் என்றா? வேலியைப் பிடித்துக்கொண்டு, குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு கேட்டேன்.

"டெரக், சும்மா ஒரு பேச்சுக்கு... அந்த பிர்ச் காயை ஒரு நாய் தின்றுவிட்டால்?"

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. அது டெரக்குக்கும் தெரியும்.

"எவ்வளவு பெரிய நாய்?"

"எழுபத்தெட்டு கிலோ."

டெரக் என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக அளந்தார்.

"அந்த நாய்க்கு ஒன்றும் ஆகாது, மேட். ஜலதோஷம் போகிறவரை வெளியே நிற்காமல் படுத்துக்கொள்ளச் சொல்."

உயிர் வந்தது. கால் வந்தது. வீட்டுக்குள் வருவதற்குள் பசியும் வந்தது.

ஆனால், பயம் போனால் அந்த இடத்தில் புத்தி வந்து உட்காருமே... மரமும் இல்லை. விதையும் இல்லை. அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே வாய்ப்பைக் கொத்தமல்லி தூவிக் குடித்துவிட்டு நிற்கிறேன். ஏதோ ஒரு காயைக் கடித்துப் பார்த்திருக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அத்தனையும் போனது அவருக்குத் தெரியாது.

பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "குழந்தைகள் எப்படி?"

"நல்ல தூக்கம், டெரக்."

நர்சரியில் ஒரு பிர்ச் கன்று வாங்கி ஒப்பேற்றிவிடலாமா என்று மாலாவிடம் கேட்டேன். "அது அவர் மரத்தோட பிள்ளை இல்லையே" என்றாள். சிவகாமி அக்காவிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாலாவின் உத்தரவு. உதவிக்கு வந்தவர் மனது கஷ்டப்படும் அல்லவா?

போன சனிக்கிழமை வெயில் அடித்தது. வீட்டை ஒட்டிய பலகைத் திண்ணையை, இந்த ஊர் பாஷையில் டெக்கை, சுத்தம் செய்யலாம் என்று போனேன். மூலையில் ஒரு பெரிய தொட்டி. நான் ஆசை ஆசையாக வளர்த்து, போர்வை போர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அப்படியும் செத்துப்போன முருங்கையின் தொட்டி. மண் மேலெல்லாம் பச்சைப்பசேல் என்று ஏதோ பொடிப்பொடியாக. களை! வெந்நீர் ஊற்றினால் களை சாகும் என்று இந்த ஊரில் கற்றிருக்கிறேன். கெட்டிலோடு வந்தேன்.

"நிறுத்து!"

வேலிக்கு மேல் டெரக்கின் தலை. அடுத்த நிமிடம் அவரே எங்கள் டெக்கில் மண்டியிட்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, நகத்தளவு இலை ஒன்றை விரல் நுனியால் தொட்டார். ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பற்கள்.

"பிர்ச்" என்றார். "குளிர்காலத்திலேயே வெளியில் தூவிவிட்டாயா? மண்ணால் மூடாமல்? நீ நிஜமாகவே விவசாயிதான்!"

நான் விவசாயி போல ஒரு புன்னகை செய்துவிட்டு, உள்ளே ஓடி, சிவகாமி அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தத் திப்பிலிய என்ன செஞ்சீங்க?" அவரிடம் பதறிப் பேசினால் பாதி அவர் பாஷை வந்துவிடும் எனக்கு.

"அதை ஏன் கேக்கிறியள் தம்பி! இடிக்க எடுத்தால் பொலபொலவெண்டு உதிருது. பூச்சி அரிச்ச சாமான் எண்டு நினைச்சன். ஒரு தட்டில போட்டு வெளியில கொண்டுபோய்ப் புடைச்சன். உமியெல்லாம் காத்தில பறந்து அந்த வெறும் தொட்டிக்கதான் விழுந்தது. நடுவில இருந்த ஈர்க்கு மட்டும்தான் ரசத்தில போட்டனான். ஒரு உறைப்பும் இல்லை. மிளகைக் கூடப் போட்டுச் சமாளிச்சன். ஏன் தம்பி?"

உமி!

பிர்ச் விதை அப்படித்தான் இருக்குமாம். உமியை விட மெல்லிசு, இரண்டு பக்கமும் இறக்கை. பொக்கிஷம் என்று நாங்கள் குடித்தது வெறும் குச்சி. குப்பை என்று அக்கா புடைத்துத் தள்ளியதுதான் விதை. மழையும் ஆக்லாந்துக் குளிரும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. டெரக் சொன்ன பக்குவத்தை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தவர், அதைக் காதால்கூடக் கேட்காத அக்காதான்.

நான் பொத்திப் பொத்தி வளர்த்த முருங்கை செத்தது. என் கை படாதது முளைத்தது. இதில் எனக்கு ஏதாவது பாடம் இருக்கிறதா? இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறேன்.

டெரக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து, டெக் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது எல்லாம் சிரித்ததனால் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. பிறகு எழுந்து, ஒரு பழைய ஸ்பூனால் மண்ணோடு ஒரே ஒரு கன்றை அள்ளி, யோகர்ட் கப்பில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் எடுத்துக்கொள்ளுங்கள், டெரக்."

"ஒன்றுதான் கேட்டேன், மேட்."

இரண்டு கையாலும் கப்பைப் பிடித்தபடி, பின்பக்கம் எங்கே நடலாம் என்று பார்க்கப் போய்விட்டார்.

மிச்சம் ஒரு தொட்டி நிறைய நிற்கிறது. மவுண்ட் ரோஸ்கில் பக்கம் வருகிறவர்கள் ஆளுக்கொரு கன்று வாங்கிப் போகலாம்... ரசம் கட்டாயமில்லை.