முதலில் வலியைக் கேட்கும் இளவரசி

இல்லைங்க, இளவரசி டாக்டருக்குப் படித்தவள் இல்லை. டெல்லி முனிர்காவில் நான் இஸ்திரி போடும் இடத்துக்கு மேலே, முதல் மாடி ஜிம்மில் பளு தூக்கப் பழக்கிவிடுகிறவள். வயது இருபத்தாறு. விழுப்புரம் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்குக் கட்டட வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லிதான். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் இரும்பைத் தொட விடமாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்வாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வாள். சுற்றி வந்து பார்த்து நோட்டில் எழுதுவாள். நூறு கிலோ தூக்குவேன் என்று வந்த ஒரு தடியர், ஒற்றைக் காலில் பத்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டார். இவள் சிரிக்கவில்லை. அண்ணே, முதலில் நிற்கப் பழகலாம் என்று இந்தியில் சொன்னாள். அவர் இன்னும் இவளிடம்தான் வருகிறார்.

நான் போனது பேத்தியால். மகள் அம்பிகாவுக்குப் பெண் குழந்தை, இப்போது நாலு மாதம். மூக்கு என்னுடையது, மற்றதெல்லாம் அழகு. ஆனால் அவளை நான் நின்றபடி தூக்கினதே இல்லை. அவள் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் இடுப்பு பிடித்து, துணி மூட்டை கையை விட்டு விழுந்தது. அந்தப் பயம். இஸ்திரி மேசையருகே அம்பிகா குழந்தையை நீட்டினபோது நான் பின்வாங்கியதை இளவரசி பார்த்துவிட்டாள். ஜிம் காலியாக இருக்கும் மத்தியானத்தில் மேலே வரச் சொன்னாள்.

குனிந்து நிமிரச் சொன்னாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி குனிய வைத்து மறுபடி கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். நோட்டை மூடிவிட்டாள்.

"மாமா, நிமிரும்போது மூச்சப் புடிச்சுக்கிறீங்க. எங்கப்பாவும் இப்படித்தான். லேபர் சௌக்ல வலின்னு சொன்னா மேஸ்திரி வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருவான். இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க. எங்க வலிக்குது?"

நானும் இருபது வருஷம் விடிகாலையில், கூலிக்கு ஆள் எடுக்கும் அந்தச் சௌக்கில் நின்றவன். யார் கேட்டாலும் எல்லாம் சரி என்றுதான் வாயில் வரும். இடது பக்கம், கீழே என்றேன். டாக்டரிடம் காட்டச் சொல்லி, பழகலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் தொடங்கினாள்.

இரண்டு வாரம் வெறுங்கை. முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். முதுகில் ஒரு கம்பை வைத்துச் சரி பார்ப்பாள். அப்புறம் ஐந்து கிலோ கோதுமை மாவுப் பை. அதை நெஞ்சோடு அணைத்து எழ வேண்டும். பை சாய்ந்தால் விடமாட்டாள்.

"பாப்பா தல தொங்குது பாருங்க மாமா."

ஒரு நாள் அவசரப்பட்டு நானே பத்து கிலோவை எடுத்தேன். அதை வாங்கி வைத்துவிட்டு, ஐந்திலேயே இன்னும் ஒரு வாரம் நிறுத்தினாள்.

நேற்று சாயங்காலம் பேத்தி பாயில் கிடந்து கையைக் காலை ஆட்டினாள். குனிந்தேன், அணைத்தேன், எழுந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. அவள் என் மீசையைப் பிடித்து இழுத்தாள். அம்பிகா கதவருகில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை மாடி ஏறப்போன இளவரசியை நிறுத்திச் சொன்னேன். குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டாள். ஆறரை என்றேன். படியிலேயே நின்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"பாப்பா மாசாமாசம் வெயிட் ஏறிக்கிட்டேதான் இருப்பா மாமா. நாளைலேர்ந்து நாமளும் ஏத்துவோம்."