இத்தாலி பாஷை தெரிந்த திருமலை

கும்மிடிப்பூண்டியில் லாரி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு, 1974இல், இத்தாலியிலிருந்து இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் ஒரு பழைய பிரஸ் மெஷின் வந்து இறங்கியது. அதை ஓட்டிக் காட்ட வந்தவர் யான்சன் என்ற டச்சுக்காரர். கூடவே வந்த புத்தகம் முழுக்க இத்தாலி மொழி. அதை டச்சில் தராமல் மெஷினில் கை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆள் தேடும் வேலை ஸ்டோர்ஸ் குமாஸ்தா பாஷ்யத்தின் தலையில் விழுந்தது. திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். சென்னை, பம்பாய் என்று கடிதம் போட்டார். இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் ஒரு பெயர் கிடைத்தது: திருமலை, பழவேற்காடு.

திருமலை ஏரியில் மீன்பிடிக்கிறவர். யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டி, ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலியில் கைதியாக இருந்தவர். முகாமில் அவருக்கு லாரி பழுதுபார்க்கும் வேலை.

"பேசுவேன் சாமி. படிக்கத் தெரியாது" என்றார்.

எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான் என்பதால் பாஷ்யம் எழுத்துக் கூட்டி வாசித்தார். திருமலை காதால் கேட்டுத் தமிழில் சொன்னார். பாஷ்யம் அதை இங்கிலீஷாக்க, யான்சன் டச்சில் எழுதிக்கொண்டார். "ஃப்ரிஸியோனே" என்றதும் திருமலை, "கிளட்சு சாமி, கிளட்சு!" என்று துள்ளினார். முப்பது வருஷம் பேச ஆளில்லாமல் கிடந்த பாஷை. ஆறு வாரத்தில் மெஷின் ஓடியது.

கடைசி நாள், இத்தாலியில் உங்களுக்கு யாராவது உண்டா என்று திருமலையிடம் கேட்கும்படி யான்சன் பாஷ்யத்திடம் சொன்னார்.

திருமலை தலையாட்டினார். "ஒரு அம்மா கீறாங்க. ரோஸான்னு பேரு. முகாம்லேர்ந்து தப்பிச்சி ஓடியாந்தப்போ, ஒரு குளிர்காலம் பூரா வைக்கோல் பரண்ல ஒளிச்சி வச்சி சோறு போட்டாங்க. ஊர் போய்ச் சேந்தா காயிதம் போடுன்னாங்க. எனக்கு இன்னா எழுதத் தெரியும்? அந்த பாஷைல எழுதிக் குடுன்னு யாராண்ட போய்க் கேக்கறது?"

ஊர்ப் பேர் அவருக்கு மறக்கவில்லை. அவர் இத்தாலியில் சொல்லச் சொல்ல, காதில் விழுந்தபடியே பாஷ்யம் கடிதம் எழுதி அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் மகளிடமிருந்து பதில் வந்தது. பாஷ்யம் அதைப் பழவேற்காட்டுக்கு எடுத்துப்போய், ஒரு வார்த்தையும் புரியாமலே வாசித்தார். பாதியில் திருமலை கை நீட்டி நிறுத்தினார்.

"போன தையில செத்துட்டாங்களாம். நான் ஊரு திரும்பறப்போ கடல்ல முழுகிப் பூட்டேனோன்னு, மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கினே இருந்தாங்களாம்."

மறு வருஷம் இன்னொரு இத்தாலி மெஷின் வந்தது. பாஷ்யம் மறுபடி தேடிப் போனார். திருமலை வலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"அந்த பாஷை மறந்து பூட்ச்சி சாமி. வேற ஆளப் பாருங்க."

மறக்கவில்லை என்று பாஷ்யத்துக்குத் தெரியும்; வற்புறுத்தவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தார்.