பொருட்காட்சிக்குப் போன உளுந்து

என் ஓரகத்திக்கு எல்லாம் இருந்தது. செம்பூரில், திலக் நகர்ப் பக்கம், வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர் வருகிற இரண்டு அறை மாடி வீடு. ரேடியோ. கான்வென்டுக்குப் போகிற பிள்ளைகள். ஆபீஸில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்கிற புருஷன். அவள் புருஷனும் என் புருஷனும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான். அண்ணன் படித்தார், தம்பி படிக்கவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தில் அவள் செம்பூர் மாடியிலும் நான் தாராவியில் ஒற்றை அறையிலும் குடித்தனம் நடத்தினோம். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், ஆட்டுக்கல். முதலில் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். மாடியில் அதைப் போட்டு ஆட்டினால் கீழ் வீட்டுக்காரர் தலையில் இடி இறங்குகிற மாதிரி இருக்கிறதாம். அந்த மராத்திக்காரர் கம்பால் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நேரிலேயே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். அதோடு கல்லை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டு இட்லி என் கையில் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை தோறும் நான் இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்து அரைப்பேன். என் புருஷன் மாவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சயானுக்கு நடந்து, ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் இட்லிதான். சாப்பிட்டவர்கள் மெச்சினால், "நான் எங்க அரைச்சேன்? கொழுந்தன் பொண்டாட்டி அரைச்சது. அவ கைப்பக்குவம் யாருக்கும் வராதுய்யா" என்று சொல்லிவிடுவாளாம். இது என் காதுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருக்கும். அவளுக்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்று இருந்தது. அது இருக்கிற வரைக்கும் அந்த மாடிப்படியில் நான் தலை நிமிர்ந்து ஏறலாம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஏட்டி, சர்ச்கேட் பக்கம் மைதானத்துல பெரிய பொருட்காட்சி போட்டிருக்கானாம். எல்லாம் கரண்டு சாமான். மாவு அரைக்க மிஷின் வந்திருக்காம். அவிய வாங்கித் தாரேன்னுட்டாவ" என்றாள்.

கையிலிருந்த டீத் தம்ளரை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு மேலே சொன்னாள்.

"ஆனா, நம்ம இட்லி மாவு அரைக்குமான்னு பாத்துட்டுல்லா வாங்கணும்? சும்மா ஜூஸ் போட்டுக் காட்டி ஏமாத்திருவான். சனிக்கெழம நீ அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு எடுத்துக்கிட்டு வந்துரு. ஒன் பக்குவந்தான் சரியா இருக்கும்."

என் கழுத்துக்குக் கயிறு திரிக்க என்னையே நார் கொண்டு வரச் சொல்கிறாள்! "அதுக்கென்னக்கா, கொண்டாரேன்" என்று பல்லைக் காட்டினேன். அவள் போனபிறகு பாத்திரங்களை நான் போட்ட போட்டில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உளுந்தை அரைகுறையாக ஊறப்போட்டால் என்ன என்று நினைக்காமல் இல்லை. சரியாக ஊறாத உளுந்தை எந்த மிஷினாலும் மாவாக்க முடியாது. மிஷின் திணறும், அவள் வேண்டாம் என்று திரும்பிவிடுவாள், சனிக்கிழமை மாவு வழக்கம்போல என் வீட்டிலிருந்தே போகும். ஆனால் நாலு பேர் கூடுகிற இடத்தில் என் வாளியைத் திறந்து, அதற்குள்ளே ஊறாத உளுந்து கிடந்தால்? யாராவது ஒரு தமிழ்க்காரி எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தால்? அந்த மானக்கேடு எனக்கு ஆகாது. நல்ல குணமெல்லாம் இல்லை, திமிர்தான். ரேஷன் அரிசியை நாலு தண்ணீர் கூடுதலாகவே கழுவி ஊறப்போட்டு, உளுந்தைப் பதமாக ஊறவைத்துத் தோல் போகத் தேய்த்து, அடுக்குத் தூக்குவாளியில் மேலே உளுந்தும் கீழே அரிசியுமாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் புருஷனுக்கு அன்று குர்லா பட்டறையில் ராத்திரி ஷிப்ட். அதனால் நாங்கள் போனது மூன்று பேர்: அவள், அவள் புருஷன், நான். வாளியையும் சேர்த்தால் நாலு.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் வாளியைக் காட்டி, "யே க்யா ஹை, பாயி?" என்றான், இது என்னம்மா என்று. நான் மூடியைத் திறந்து காட்டினேன். அவன் உளுந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி உளுந்தைப் பார்த்தான். ஊறின உளுந்தோடு ஒருத்தி எலெக்ட்ரிக் சாமான் பார்க்க வருவாள் என்று அவன் கனவு கூடக் கண்டிருக்க மாட்டான். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டான்.

உள்ளே போனால், அம்மாடி! எங்கே பார்த்தாலும் விளக்கு. ஒவ்வொரு கடையிலும் ஒரு ரேடியோ ஒவ்வொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு டிரான்சிஸ்டர், வயரே கிடையாது, அதை ஒரு பெண் காதோரம் வைத்துக்கொண்டு நடந்தாள். இன்னொரு கடையில் நாம் பேசினதை நாடாவில் பிடித்து நம்மிடமே திருப்பிச் சொல்கிற பெட்டி. கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் அதிகமானது. இதெல்லாம் யாருக்கு? நம் அறையில் ஒரு குண்டு பல்பு. அதுவும் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்தது.

டெலிவிஷன் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பம்பாயில் அப்போது யார் வீட்டிலும் அது கிடையாது. எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, முன்னால் வந்து நிற்பவர்களை அப்படியே பெட்டிக்குள் காட்டினார்கள். என் ஓரகத்தி முந்தானையைச் சரி செய்துகொண்டு போய் நின்றாள். பெட்டிக்குள் அவள் முகம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, மூக்குத்தி மின்ன, சிரித்த முகமாக, லட்சணமாகத்தான் இருந்தாள். அவள் புருஷன் வாயைப் பிளந்துகொண்டு பெட்டியைப் பார்த்தார். "நீயும் வாட்டி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். போனேன். பெட்டியில் என்னுடைய ஒரு கையும் வாளியும்தான் தெரிந்தது. நான் நகர்ந்து நிற்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான்.

"நீயும் மிஷின் ஒண்ணு வாங்கிக்கிடலாம்ட்டி, இவுகள விட்டு கொழுந்தன்கிட்ட சொல்லச் சொல்லுதேன்" என்றாள் நடந்துகொண்டே. பிறகு அவளுக்கே ஞாபகம் வந்தது. "ஓ, ஒங்க வீட்டுல பிளக் பாயிண்டே இல்லேல்லா."

பாவம் பார்த்துத்தான் சொன்னாள். நான் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மாவு மிஷின் கடையில் டை கட்டின ஒரு பையன் சாத்துக்குடி ஜூஸ் போட்டு எல்லோருக்கும் சின்னத் தம்ளரில் கொடுத்துக்கொண்டிருந்தான். மேலே கண்ணாடி ஜாடி, அடியில் சின்னதாக ஒரு கத்தி, அதற்கும் கீழே மோட்டார். இதுவா? இந்தப் பூச்செண்டு வைக்கிற ஜாடியா என் கல்லுக்குப் போட்டி? எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. என் ஓரகத்தி வாளியை என்னிடமிருந்து வாங்கி அவன் முன்னால் வைத்தாள். இதை அரைத்துக் காட்டு என்று ஹிந்தியில் சொன்னாள். அவன் உளுந்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். இது ஜூஸுக்கு மேடம், சட்னிக்கு மேடம் என்றான். அவளா விடுவாள்? "சட்னி அரைக்கிறது உளுந்து அரைக்காதா?" என்று பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. தமிழ்க் குரல் கேட்டதும் எங்கிருந்தோ நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "கத்திதானேடி இருக்கு இதுல? இது நறுக்கும். அரைக்காது. எழுதி வச்சுக்கோ" என்றார். அந்த மாமியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

பையன் உளுந்தை அள்ளிப் போட்டான், தண்ணீர் விட்டான், சுவிட்சைத் தட்டினான். மிஷின் ஒரு கத்து கத்தியது. உளுந்து மேலே பறந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கீழே கத்தி சும்மா சுற்றியது. இன்னும் கொஞ்சம் நேரம் ஓடி, 'ங்ங்' என்று இழுத்து, நின்றே போனது. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை.

"நான்தான் சொன்னேனே" என்றார் மாமி.

அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அய்யய்யோ, என்னக்கா இப்படி ஆயிட்டு" என்றேன். உள்ளே மேளம் கொட்டியது. என் ஓரகத்தியின் முகம் சுண்டிவிட்டது. வாங்கலாமா வேண்டாமா என்று அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்புங்க போவோம், வாளியை மூடுங்க என்று என் மனசு அடித்துக்கொண்டது.

பையன் விடவில்லை. ஒரு கடைக்காரனுக்குக் கூட்டத்தின் முன்னால் தோற்பதைவிடப் பெரிய அவமானம் உண்டா? மோட்டார் ஆறும்வரை பொறுத்திருந்தான். பாதி உளுந்தை வெளியே எடுத்தான். ஒரு நீளக் கரண்டியால் ஓரத்தை வழித்துவிட்டான். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஓடவிட்டான். சத்தம் மாறியது. முதலில் தகரத்தை உரசுகிற மாதிரி இருந்தது, பிறகு மெத்தென்று ஆனது. ஜாடிக்குள் வெள்ளையாக ஒரு சுழி விழுந்தது. நான் கல்லைப் பிடித்து ஒரு மணி நேரம் ஆட்டினால் வருகிற அந்த வெள்ளை, டீ கொதிக்கிற நேரத்தில் வந்து நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். துரோகி, அந்த மாமியும் தட்டினார்.

"நீ தொட்டுப் பாருட்டி. நீ சொன்னாத்தான் வாங்குவேன்" என்றாள் என் ஓரகத்தி.

விரலை விட்டேன். வெண்ணெய். விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தேன், ஒரு நறநறப்பு வேண்டுமே, கடவுளே, ஒரே ஒரு நறநறப்பு! இல்லை. ஆனால் மாவு வெதுவெதுவென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"சூடா இருக்குக்கா. சூடுபட்ட மாவு பொங்காது. இட்லி கல்லு மாதிரி வரும்."

அவள் யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யி. அரிசியையும் இதுலயே அரைச்சுக் குடுக்கச் சொல்லுதேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கரைச்சு வச்சு, காலையில ஊத்திப் பாத்துட்டு வந்து சொல்லு. நல்லா வந்தா, மத்தியானம் இவுகள அனுப்பி வாங்கிக்கிடுதேன். வராட்டா வேண்டாம். நீ சொல்லுததுதான்."

என்னிடம் போய்! இப்படி நம்புகிறவளை என்ன செய்வது? மிச்ச உளுந்தையும் அரிசியையும் அவன் நாலு தவணையாக அரைத்துக் கொடுத்தான். மாவு நிறைந்த வாளியோடு ரயிலில் திரும்பும்போதே பதிலைத் தயார் செய்துவிட்டேன். 'நல்லாவே வரலக்கா. காசக் கரியாக்காதிய.' அந்த மாவு நன்றாக வராது என்று நான் மனதார நம்பினேன். உப்புப் போட்டுக் கையால் கரைத்தபோதும் நம்பினேன். குளிர்காலம் வேறு. என் கல் மாவே அந்தப் பருவத்தில் சோம்பித்தான் பொங்கும்.

காலையில் பார்த்தால் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, சனியன்.

இட்லித் தட்டில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். என் புருஷன் ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். பொருட்காட்சியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இட்லியை எடுத்துத் தட்டில் வைத்தேன். சாப்பாட்டைப் பற்றி அவர் நல்லது கெட்டது எதுவும் சொல்கிற மனுஷன் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து போட்டதைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவுகிறவர். அன்று ஒரு வாய் பிட்டுப் போட்டவர் நிறுத்தினார். இன்னொரு வாய் பிட்டு, சட்னி தொடாமல் சும்மாவே தின்று பார்த்தார்.

"ஏட்டி, இன்னைக்கு இட்லிக்கு என்ன செஞ்ச? பஞ்சாட்டம் இருக்கே! இப்படி நீ ஒருநாளும் அரைச்சதில்லயே."

ரயிலில் யோசித்து வைத்த பொய் இவருக்காகச் செய்ததில்லை.

"நான் அரைக்கல. மிஷின் அரைச்சது. ஒங்க மதினி வாங்கப் போற மிஷின்" என்றேன், தட்டைப் பிடுங்கிவிடுகிற குரலில்.

அவர் இட்லியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப மதினிய இன்னைக்கே வாங்கச் சொல்லிரு. இனி ஞாயித்துக்கெழமதோறும் நாம அங்கனயே போயி சாப்பிட்டுக்கிடலாம். ஒனக்கும் கை நோவாதுல்லா" என்றார்.

பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் இன்று நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு வை என்று தட்டை நீட்டினார். வைத்தேன்.